டிக்கெட்டின் பின்பக்கம்

புரட்டாசியில் ஒரு நாள், பள்ளத்தூர் தாண்டி,
மூன்று பேருக்கு மீதி தரவேண்டிய நேரத்தில்
என் வலது கை
தோல்பையை விட்டு வெளியே வர மறுத்தது.
விரலிடுக்கில் மடித்து வைத்திருந்த நோட்டுகள்
இடது கையிலிருந்தும் நழுவ
பயணிகள் பொறுக்கித் தந்தார்கள்.
"என்ன கண்டக்டரே" என்றார் யாரோ.
பதில் சொல்ல வாய் இருந்தது, கோணலாக.

மதுரையில் பதினொரு நாள்.
திரும்பி வந்தபோது
இருபத்தாறு வருஷம் படியில் நின்று கத்திய சொற்களில்
ஒன்றுதான் மிச்சம்:
சில்லறை.

தண்ணீர் கேட்டாலும் சில்லறை.
ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் அதே.
டாக்டர் என் பெயர் கேட்டார், சில்லறை என்றேன்.
பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.
அழகம்மை சிரிக்கவில்லை.
தையல் மெஷினில் எங்கே நூல் சிக்குகிறது என்று
தலை சாய்த்துக் கேட்பாளே, அப்படிக் கேட்டாள்.
இழுத்துச் சொன்னால் பசி,
வெட்டிச் சொன்னால் மூத்திரம்,
சொல்லிக்கொண்டே போனால்
ஒன்றும் வேண்டாம், வெறும் அழுகை என்று
ஒரு வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தீபாவளிக்கு வந்த ரவிக்கைத் துணிகளை
வெட்டாமலே திருப்பிக் கொடுத்தாள்.
எனக்குத் தெரியாதென்று நினைத்தாள்.
போனது வாய்தானே, காது இருந்தது.
வாசலில் ஒவ்வொருத்தியிடமும்
"அடுத்த வருஷம் பாத்துக்குவம்" என்று அவள் சொன்னதைப்
படுத்தபடி எண்ணினேன்.
பதினேழு.

சாத்தையா என் தம்பி.
ஒரு முழச் சுவருக்காக
நாலு வருஷம் என்னோடு பேசாதவன்.
விடியுமுன் வந்து நின்றான்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை,
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
என் அழுக்கை எடுத்தான்.
"தண்ணி சூடு போதுமா?"
அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் வந்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெரிய வீடு,
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
உடையவர்கள் எந்த நாட்டிலோ.
அதன் பக்கச் சுவரோரம் என்னை நடத்தினான்.
முதல் நாள் இரண்டாவது ஜன்னல் வரை.
போகும்போது இடது கைக்குச் சுவர்.
திரும்பும்போது சுவர் செத்த பக்கம் போய்விடும்,
இடது கைக்கு அவன் தோள்.
தை பிறந்து நாலாம் நாள்
பின்வாசல் பூட்டைத் தொட்டேன்.
அவன் பீடி பற்றவைத்துக்கொண்டு
வேறெங்கோ பார்த்தான்.

உமையாளுக்குப் பிளஸ் டூ.
புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே பயணி ஆவாள்.
"ஒரு கோட்டையூர்."
தட்டில் பரப்பிய ஒரு ரூபாய்களை
வலது கையால் நான் எடுக்கவேண்டும்.
எடுக்க வராத ஒரு சாயங்காலம்
தட்டையே வீசியெறிந்தேன்.
அவள் குப்புறப் படுத்து
பீரோவுக்கு அடியில் விளக்குமாறு விட்டுத் துழாவி
தூசியோடு எழுந்து சொன்னாள்:
"இன்னும் ரெண்டு ரூவா வரணும், கண்டக்டர்."

பங்குனியில்தான் வந்தது.
"எந்த ஊரு எறங்கணும்?" என்று அவள் கேட்க
கோட்டை, என்றேன்.
யூர், என்றேன்.
உள்ளே மெஷின் ஓட்டம் நின்றது.

இப்போது பாதிச் சொற்கள் வருகின்றன.
நன்றி வருகிறதா என்று தனியே சொல்லிப் பார்த்தேன்.
வருகிறது. ஆனால் அது
பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கும் சொல்,
எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

சில்லறை இல்லாவிட்டால்
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவது எங்கள் வழக்கம்.
நேற்று பழைய கட்டில் மூன்று கிழித்தேன்.
இடது கையால் எழுத உட்கார்ந்தேன்.
எவ்வளவு என்று போடத் தெரியவில்லை,
அடியில் கோடு மட்டும் இழுத்தேன்.

அழகம்மை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்னங்க இது, தொகையைக் காணோம்?"
சில்லறை, என்றேன்.
இந்தத் தடவை
வேறு சொற்கள் கைவசம் இருந்தும்.

ஊசி டப்பாவில் அதைப் போட்டு மூடினாள்.
"எறங்குறப்ப வாங்கிக்கிறேன்.
இப்ப மாத்திரையப் போடுங்க."